சுடுநீர்க் குழாயும் சுயமரியாதையும்

வயிற்றிலே மூன்றாவது மகவு, கையிலே கோடரி. விறகு பிளக்கிறாள், தீ மூட்டுகிறாள், வாளி வாளியாய்த் தண்ணீர் சுமக்கிறாள், கணவன் உடுத்தி வந்த சுரங்க அழுக்கைக் கொதிநீரிலே கசக்கிப் பிழிகிறாள். அவள் குடியிருக்கும் வீடு கம்பெனிக்குச் சொந்தம். வெள்ளைக்காரத் தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளும் அதே கம்பெனிக்குத்தான் சொந்தம். அங்கே குழாயைத் திருகினால் சுடுநீர் கொட்டுகிறது. இங்கே விறகைப் பிளந்தால்தான் வெந்நீர்! மண்ணுக்குள்ளே கிடக்கும் துத்தநாகத்துக்கு நிறபேதம் தெரியாது. மண்ணுக்கு மேலே இருக்கும் குழாய்க்குத் தெரிந்திருக்கிறது!

'மண்ணின் உப்பு' என்று நாம் தமிழிலே பெயரிட்டு அழைக்கத்தக்க அமெரிக்கத் திரைப்படம் இப்படித்தான் தொடங்குகிறது. 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம். எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதிலே வண்ணமில்லை, வனப்புக் காட்சிகள் இல்லை. நடித்தவர்களிற் பெரும்பாலோர் நடிகர்களே அல்லர். ஆயினும் அதனை இன்று எடுத்துவைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு.

"ஒடுக்கப்பட்டோரே, ஒன்றுசேருங்கள்!" என்று மேடைதோறும் கேட்கிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். உழைப்பாளி இயக்கம் ஒருபுறம், நிறவெறியையும் சாதிவெறியையும் சாடும் இயக்கம் ஒருபுறம், பெண் விடுதலை இயக்கம் ஒருபுறம். ஒவ்வொன்றும் மற்றொன்றை நோக்கித் "தோழமை கொள்வோம்" என்று அழைக்கிறது. அழைப்பது எளிது. அழைத்த பிறகு எழும் கேள்விகள்தாம் கடினமானவை. யாருடைய கோரிக்கை முதலில்? யாருடைய கோரிக்கை பிறகு? எல்லாருக்குமாகச் சொல்லப்படும் கதையை யார் வாயால் சொல்வது? ஒற்றுமையின் பெயரால் யாரைக் காத்திருக்கச் சொல்வது?

இந்தக் கேள்விகளை மேடையிலே கேட்டால் முகம் சுளிப்பார் உண்டு. "இது நேரமா?" என்பார்கள். அந்த "இது நேரமா?" என்ற சொல்லையே குற்றவாளிக் கூண்டிலே ஏற்றி விசாரிக்கிறது இந்தப் படம். அதுவே அதன் பெருமை.

நடந்தது என்ன?

படத்துக்கு முன்னே நடப்பைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், கற்பனை இங்கே நடப்பின் தோளிலே கைபோட்டு நடக்கிறது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹனோவர் என்ற சிற்றூர். அங்கே எம்பயர் சிங்க் கம்பெனியின் துத்தநாகச் சுரங்கம். அந்த மாநிலம் ஒரு காலத்தில் மெக்சிகோ நாட்டின் பகுதியாயிருந்து, போரிலே தோற்று, 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அமெரிக்காவின் வசமானது. மண் கைமாறியது, மண்ணின் மக்கள் மாறவில்லை. தம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த நிலத்திலேயே அவர்கள் அயலார் ஆயினர். சுரங்கத்தில் அவர்களுக்கு ஒரு கூலி, வெள்ளையருக்கு வேறு கூலி. குடியிருப்பு தனி, திரையரங்கிலே இருக்கை தனி. நமக்கு விளக்கம் வேண்டாத நிலைமை!

1950ஆம் ஆண்டு அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர் கேட்டதென்ன? அந்த வட்டாரத்தின் மற்றச் சுரங்கங்களில் கொடுப்பதை இங்கேயும் கொடுங்கள் என்றனர். சுரங்கத்துக்குள் இறங்கியது முதல் ஏறுவது வரை உள்ள நேரம் முழுவதற்கும் கூலி கொடுங்கள் என்றனர். கம்பெனி அசையவில்லை. எட்டுத் திங்கள் உருண்டோடின. 1951ஆம் ஆண்டு சூனில் நீதிமன்றத்திலிருந்து தடையாணை வந்தது: சங்கத்தார் மறியல் செய்யக்கூடாது! மீறினால் சிறை, மீறாவிட்டால் தோல்வி. இருபுறமும் பள்ளம், நடுவிலே தொழிலாளி.

அப்போது பெண்கள் எழுந்தனர். தடையாணை கட்டுப்படுத்துவது சங்கத்து உறுப்பினரைத்தானே? நாங்கள் உறுப்பினர் அல்லவே! மறியல் வரிசையிலே நாங்கள் நிற்கிறோம் என்றனர். நின்றனர். கண்ணீர்ப்புகை வந்தது, நின்றனர். வண்டிகள் மோத வந்தன, நின்றனர். சிறைக்கு இழுத்துச் சென்றபோது பிள்ளைகளோடு சென்றனர். வீட்டிலே யார் சமைப்பது, யார் துவைப்பது? ஆண்கள்! ஏழு திங்கள் அந்த வரிசை கலையவில்லை. 1952ஆம் ஆண்டு சனவரியில் கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. பின்னர் வீடுகளுக்குச் சுடுநீர்க் குழாயும் வந்தது.

1938ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலே, இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து, டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலான தாய்மார் சிறைபுகுந்ததையும், சிலர் கைக்குழந்தையோடு சென்றதையும் அறிந்தவர்கள் நாம். எனவே, பெண்கள் மறியலில் நின்றார்கள் என்பது மட்டும் நமக்கு வியப்பூட்டாது. நாம் வியந்து நோக்க வேண்டியது வேறு: அவர்கள் நின்றதும் வீட்டுக்குள்ளே என்ன நேர்ந்தது என்பதையே இந்தப் படம் தன் கதையின் நடுவிலே வைத்திருக்கிறது.

படம் கேட்கும் கேள்வி

கதைத் தலைவி எஸ்பெரான்சா. அந்தப் பெயருக்கு 'நம்பிக்கை' என்று பொருள். கணவன் ரமோன் குவின்டெரோ. சங்கத்தின் முன்னணி வீரன். வெள்ளைக்கார மேலாளனின் முன்னே தலை நிமிர்ந்து நிற்பவன். வீட்டுக்குள் நுழைந்ததும் தலை நிமிர்வது மட்டுமல்ல, குரலும் உயர்கிறது.

சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே வீட்டு வசதியும் இருக்க வேண்டும், குழாய் வேண்டும், சுகாதாரம் வேண்டும் என்பது பெண்களின் விருப்பம். ஆண்களோ, சுரங்கத்திலே உயிருக்குப் பாதுகாப்புத்தான் முதன்மை, மற்றது பிறகு என்கின்றனர். முன்வாதத்தைக் கேட்டால் நியாயமாகவே தோன்றுகிறது. உயிர் பெரிதா, குழாய் பெரிதா? உயிர்தான் பெரிது! ஆனால், உயிர் பெரிது என்று சொல்லிக் குழாயைத் தள்ளிவைப்பவர் யார் என்று பாருங்கள். குழாயில்லாத குறையைத் தன் முதுகிலே சுமக்காதவர்! ஒரு கோரிக்கை சிறியது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, அந்தக் குறையால் வருந்தாதவர் கையிலேயே எப்போதும் இருந்துவிடுகிறது. இதைப் படம் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. விறகுக் கட்டையைக் காட்டிச் சொல்கிறது.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் பெண்கள் மறியல் வரிசைக்குக் காப்பி கொண்டுவருகின்றனர். அதற்கு மேல் அவர்கள் வருவதை ஆண்கள் விரும்பவில்லை. அடுப்பிலிருந்து மறியல் வரிசை வரை எட்டிய பெண்ணின் கை காப்பிக் கோப்பையோடு நின்றுவிட வேண்டும்! தடையாணை வந்த இரவிலேதான் நிலைமை திரும்புகிறது. பெண்கள் மறியல் செய்யலாமா என்பதைச் சங்கக் கூட்டம் முடிவு செய்ய வேண்டும். சங்கத்திலே வாக்கு ஆண்களுக்குத்தான். பெண்களைப் பற்றிய முடிவிலே பெண்களுக்கு வாக்கில்லையா என்ற கேள்வி எழுகிறது. சங்கக் கூட்டம் ஊர்க் கூட்டமாக மாற்றப்படுகிறது. பெண்களும் கை தூக்குகின்றனர். 103க்கு 85 என்று தீர்மானம் நிறைவேறுகிறது.

அந்த 85 என்ற எண்ணை மறைக்காமல் காட்டினாரே கதையாசிரியர், அங்கேதான் அவருடைய நேர்மை ஒளிர்கிறது. மலிவான பிரசார எழுத்தாளனாயிருந்தால், "ஏகமனதாக" என்று எழுதி, கைதட்டலை வாங்கியிருப்பான். ஒரு சமூகம் திருந்தும்போது அதன் பாதி எதிர்த்து நிற்கும் என்ற உண்மையை, அந்த எண் அமைதியாகச் சொல்கிறது.

பெண்கள் சிறை செல்கின்றனர். ரமோன் துணி துவைக்கிறான், கொடியிலே உலர்த்துகிறான், தண்ணீர் சுமக்கிறான். அண்டை வீட்டு ஆணும் அதே கோலத்தில்! சுடுநீர்க் குழாய் வேண்டும் என்பதைக் கோரிக்கையாக வைத்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் அவன் வாய் முணுமுணுக்கிறது. அரங்கிலே சிரிப்பு எழும் இடம் அது. சிரித்து முடித்த பிறகு, நம் சிரிப்பே நம்மைக் கேட்கும்: மனைவி பல நாள் எடுத்துச் சொன்னபோது விளங்காத உண்மை, தன் கை காய்த்த பிறகுதானே விளங்கிற்று?

படத்தின் உச்சி, துப்பாக்கி முழங்கும் காட்சியிலே இல்லை. கணவனும் மனைவியும் தனித்து நிற்கும் காட்சியிலே இருக்கிறது. சிறையிலிருந்து மீண்டவள் அவனிடம் கேட்கும் கேள்வியின் சாரம் இதுதான்: வெள்ளையன் உன்னைக் கீழே தள்ளி, உன் இடத்திலே கிட என்கிறான், அதற்காக அவனை வெறுக்கிறாய். அதே சொல்லை நீ ஏன் என்னிடம் சொல்கிறாய்? நீ உயர்ந்தவன் என்று உணர, உனக்குக் கீழே நான் கிடக்க வேண்டுமா? அவன் கையை ஓங்குகிறான். அவள் பின்வாங்கவில்லை. அது பழைய வழி, இனி ஒருபோதும் அது கூடாது என்று நிமிர்ந்து நிற்கிறாள்.

இதைவிடக் கூர்மையாக ஒரு சமூகத் தத்துவத்தைத் திரையிலே சொல்ல முடியுமா? தன்னைவிட உயர்ந்தவன் இருக்கக்கூடாது, ஆனால் தனக்குக் கீழே ஒருவர் இருக்கலாம் என்று எண்ணுகிறவன், விடுதலை கேட்கவில்லை. பதவி உயர்வு கேட்கிறான்! படிக்கட்டை இடிக்க வந்தவனா நீ, அல்லது ஒரு படி மேலேறத் துடிப்பவனா என்று அவள் கேட்கிறாள். படிக்கட்டாகவே அமைந்துவிட்ட சமுதாயத்திலே பிறந்தவர்களாகிய நமக்கு, அந்தக் கேள்வி அயல்நாட்டுக் கேள்வியாகவா ஒலிக்கிறது?

தோழனுக்கும் ஒரு பாடம்

இன்னொரு காட்சி. சங்கத்தின் அமைப்பாளராக வந்திருப்பவர் பிராங்க் பார்ன்ஸ் என்ற வெள்ளைக்காரத் தோழர். நல்லவர், நேர்மையாளர், அடிபடவும் அஞ்சாதவர். ரமோன் வீட்டுச் சுவரிலே ஒரு படம் தொங்குகிறது. அது யாருடைய படம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அது பெனிட்டோ ஹுவாரெஸ்! மெக்சிகோவின் தொல்குடியிலே பிறந்து, அந்நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்து, அயலாட்சியை எதிர்த்து நின்று வென்ற மாவீரர். அவரைத் தெரியாமல் அந்த மக்களுக்கு வழிகாட்ட வந்துவிட்டார் தோழர்!

ரமோன் சுடச்சுடக் கேட்கிறான். பார்ன்ஸ் சினக்கவில்லை, "உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன்" என்று நன்றிக்கணக்குக் காட்டவில்லை. குறையை ஒப்புக்கொள்கிறார். அந்தக் குறைக்கு அவருடைய மனைவியும் சேர்ந்து இடித்துரைக்கிறாள். பெண்கள் நிலையைப் பற்றி நீயும் கற்க வேண்டியிருக்கிறது என்கிறாள்.

தோழமைக்கு இலக்கணம் வகுக்கும் காட்சியாக இதனைக் கருதுகிறேன். இரக்கம் வேறு, தோழமை வேறு. இரக்கம் மேலிருந்து குனிகிறது; தோழமை எதிரே அமர்ந்து திட்டும் வாங்கிக்கொள்கிறது. பிறருடைய போராட்டத்துக்குத் துணைவருகிறவன் தன் கொடியைக் கொண்டுவந்தால் போதாது. அவர்கள் சுவரிலே தொங்கும் படம் யாருடையது என்று தெரிந்துகொண்டு வரவேண்டும்.

எழுத்திலே சொன்னதைச் செயலிலே காட்டியவர்கள்

படத்தை எடுத்தவர்கள் யார்? கம்யூனிஸ்டு வேட்டை அமெரிக்காவிலே தலைவிரித்தாடிய காலம் அது. 1947ஆம் ஆண்டு நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னே பதிலளிக்க மறுத்த ஹாலிவுட் பதின்மருள் ஒருவர், இயக்குநர் ஹெர்பர்ட் பைபர்மன். 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர். கதை எழுதிய மைக்கேல் வில்சன் ஆஸ்கார் பரிசு பெற்றவர். பரிசு கைக்கு வந்த வேளையில் வேலை கையைவிட்டுப் போயிருந்தது. தயாரிப்பாளர் பால் ஜாரிக்கோவும் அதே கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றவர். துரத்தப்பட்ட கலைஞர்கள், அடக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களைத் தேடிச் சென்றனர். இரண்டு துன்பங்கள் சந்தித்தன. ஒரு படம் பிறந்தது.

சந்தித்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. எஸ்பெரான்சா பாத்திரத்தைத் தம் மனைவிக்குக் கொடுக்க எண்ணியிருந்தார் பைபர்மன். அந்த அம்மையார் கேல் சோன்டர்கார்டு, ஆஸ்கார் பரிசு பெற்ற பெருநடிகை. கணவரோடு சேர்ந்து வேலையிழந்தவர். தியாகத்துக்குப் பரிசு கொடுப்பதிலே தவறென்ன என்று கேட்கலாம். ஆனால், மெக்சிகோ வழிவந்த மக்களின் கதையிலே தலைமைப் பாத்திரத்தை வெள்ளையரே ஏற்பது, எதனை எதிர்க்கிறோமோ அதனையே செய்வதாகும் என்று உணர்ந்தனர். முடிவை மாற்றினர். மெக்சிகோ நடிகை ரொசாரா ரெவுயெல்டாஸ் எஸ்பெரான்சா ஆனார். ரமோனாக நடித்தவர் ஹுவான் சக்கோன். உண்மையிலேயே அந்தச் சங்கத்தின் தலைவர். சங்க அமைப்பாளர் கிளின்டன் ஜென்க்ஸ், பார்ன்சாகத் தோன்றித் தம் குறையைத் தாமே திரையிலே ஒப்புக்கொண்டார்!

வில்சன் எழுதிய கதை, ஊர் மக்களிடம் படித்துக் காட்டப்பட்டது. படப்பிடிப்புத் தொடங்குவதற்குள் ஏறத்தாழ 400 பேர் அதைப் படித்தோ கேட்டோ இருந்தனர். மக்கள் மறுப்புச் சொன்ன இடங்கள் உண்டு. ரமோன் வேறொரு பெண்ணை நாடுவதாக ஒரு காட்சி, கடைசிக் கூலிக் காசிலே அவன் மது வாங்குவதாக ஒரு காட்சி. இவை வேண்டாம் என்றனர். மெக்சிகோக்காரன் என்றால் குடிகாரன், ஒழுக்கங்கெட்டவன் என்று வெள்ளையர் ஏசும் பழிக்கு இவை துணைபோகும் என்றனர். வில்சன் நீக்கினார்.

இது கலைக்கு விலங்கு அல்லவா என்று கேட்கும் திறனாய்வாளர் உண்டு. கேள்வி நியாயமானது, மறைத்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. எந்த இனத்து ஆடவரிடமும் அந்தக் குறைகள் இருக்கக்கூடும். நீக்கியதால் ரமோன் சற்றே மெருகேற்றப்பட்டவன் ஆகிறான். ஆனால், மக்கள் எதனை நீக்கச் சொன்னார்கள், எதனை நீக்கச் சொல்லவில்லை என்று சேர்த்துப் பாருங்கள். மனைவியை அதட்டுவது நின்றது. கையை ஓங்குவது நின்றது. பெண்களின் கோரிக்கையை ஒத்திவைப்பது நின்றது. 85 வாக்குகள் நின்றன. பிறர் சுமத்திய பழியை அகற்றச் சொன்னார்கள். தங்கள் சொந்தக் குற்றத்தை அகற்றச் சொல்லவில்லை! தன் வீட்டுக் குற்றத்தைத் தானே நடித்துக் காட்ட ஒப்பிய ஒரு சமூகத்தின் முன்னே, கலைக்கு விலங்கு என்ற வாதம் வலுவிழக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கதையைச் சொல்லும் குரல் எஸ்பெரான்சாவின் குரல். சங்கத் தலைவன் சொல்லவில்லை, அமைப்பாளர் சொல்லவில்லை. பட்டியலிலே கடைசியாகத் தள்ளப்பட்டவள் சொல்கிறாள். அவள் சொல்வதால்தான் கூலியும் குழாயும், இனமும் இல்லமும் ஒரே கதையாகின்றன. மேலே நிற்பவனுக்குத் தன்னை அழுத்தும் ஒரு சுமைதான் தெரியும். கடைசியிலே நிற்பவளுக்கு எல்லாச் சுமையும் தெரியும். பொதுக்கதை வேண்டுமா? கடைசியில் நிற்பவரைப் பேசவிடுங்கள் என்பதே இப்படத்தின் கலைநுட்பமும் அரசியலும்.

ஆதிக்கம் பட்ட அச்சம்

இதற்கு நேர்ந்ததென்ன? 1953ஆம் ஆண்டு படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்திலே கண்டனம் எழுந்தது. ரொசாரா ரெவுயெல்டாஸ் கைது செய்யப்பட்டு, படம் முடியுமுன்னே மெக்சிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய காட்சிகளை மாற்றாளை வைத்தும், மெக்சிகோவிலே படம்பிடித்தும் நிரப்பினர். ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று படக்குழுவினருக்கு மிரட்டல், துப்பாக்கிச் சூடு. படச்சுருளைக் கழுவித் தரப் பட்டறைகள் மறுத்தன. எப்படியெல்லாம் தடுக்கலாம் என்று கோடீசுவரர் ஹோவர்ட் ஹியூஸ் கடிதத்திலே வழிவகுத்துக் கொடுத்தார். ஜென்க்ஸ் மீது வழக்குத் தொடர்ந்து தண்டனையும் விதித்தனர். 1957ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. அமெரிக்கா முழுவதிலும் பன்னிரண்டு பதின்மூன்று அரங்குகளில்தான் படம் வெளியாயிற்று. செக்கோசுலோவாகியாவின் கார்லோவி வாரி விழாவில் 1954ஆம் ஆண்டு பெரும்பரிசு பெற்றது. தாய்நாட்டிலே தீண்டப்படாதது ஆயிற்று!

இவற்றையெல்லாம்விட நெஞ்சை அறுப்பது ஒன்று: படத்தைத் திரையிட மறுத்தவர்களிலே, திரையரங்கு இயந்திரம் இயக்கும் தொழிலாளரின் சங்கமும் இருந்தது. தொழிலாளர் ஒற்றுமையைப் பாடும் படத்துக்குத் தொழிலாளர் சங்கமே கதவடைத்தது! தோழமை என்பது இயல்பாகவே முளைத்துவிடும் பயிர், ஒரே துன்பம் உள்ளவர் தாமாகவே சேர்ந்துவிடுவர் என்று எண்ணுவோருக்கு இதைவிடக் கசப்பான மருந்து இல்லை.

குறையும் உண்டு

புகழ்ந்துவிட்டுப் போவது திறனாய்வு ஆகாது. படத்திலே குறைகள் உள்ளன.

ஷெரீப்பும் கம்பெனி அதிகாரிகளும் மரப்பாச்சிகள். தீமை எப்போதும் சிடுமூஞ்சியோடுதான் வரும் என்று நம்பவைக்கின்றனர். புன்னகையோடு வரும் ஆதிக்கத்தை, சட்டம் பேசி வரும் ஆதிக்கத்தை, இந்தப் படத்திலே போதிய அளவு காணோம். வெள்ளைக்காரத் தொழிலாளியின் மனம் எப்படித் தடுமாறியது, எப்படி மாறியது என்பதும் நிழலாகவே நின்றுவிடுகிறது. சுரங்கத் தொழிலாளரின் தேசியச் சங்கம், கம்யூனிஸ்டுச் சார்பு என்ற குற்றச்சாட்டின்பேரில் 1950ஆம் ஆண்டிலேயே சங்கங்களின் பேரமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. அந்தப் பிளவைப் படம் பேசவே இல்லை. எதிரியின் கொடுமையைச் சொல்ல வாய் திறந்தவர்கள், சோதரனின் துரோகத்தைச் சொல்லத் தயங்கினர்.

முடிவு மிகவும் எளிதாக வந்துவிடுகிறது. ரமோன் குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றச் சட்டிபானைகளைத் தூக்கி வெளியே வீசுகின்றனர். திரண்டுவந்த ஊர்மக்கள் ஒரு வாசல் வழியாக வீசப்பட்டதை மற்றொரு வாசல் வழியாக உள்ளே கொண்டு வைக்கின்றனர். காட்சி அருமை! ஆனால், அந்தக் கூட்டத்தைக் கண்ட கம்பெனி இறங்கிவர, ரமோன் மனைவிக்கு நன்றி கூற, எல்லாம் இனிதே முடிகிறது. வீட்டுக்குள்ளே தலைமுறை தலைமுறையாய் வேரூன்றிய ஆதிக்கம் ஒரு பிற்பகலிலே சாய்ந்துவிடுமா?

சாயவில்லை என்பதற்கு வரலாறே சான்று. இந்த வேலைநிறுத்தத்தையும் படத்தையும் ஆராய்ந்து, எலன் பேக்கர் என்ற வரலாற்றாசிரியர் 2007ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். போராட்டம் முடிந்த பின் பல வீடுகளிலே பழைய வழக்கம் மெல்லத் திரும்பியதை அதிலே காணலாம். மறியல் வரிசையிலே நின்றவள் மீண்டும் அடுப்படிக்குச் சென்றாள். கூலி உயர்ந்தது நின்றது. குழாய் வந்தது நின்றது. கணவன் துணி துவைத்த கதை மட்டும் நிற்கவில்லை!

அப்படியானால் படம் பொய்யா? இல்லை என்பேன். நடந்ததை மட்டும் எழுதுபவன் கணக்கன். நடந்ததிலே நடக்கக்கூடியதைக் கண்டு காட்டுபவன் கலைஞன். ஏழு திங்கள் ஓர் ஊர் வேறு மாதிரி வாழ்ந்து காட்டியது. அந்த ஏழு திங்களை மறதியிலிருந்து மீட்டு வைத்தது படம். 1960களிலும் 70களிலும் பெண் விடுதலை இயக்கத்தாரும், மெக்சிகோ வழிவந்த இளைஞர் இயக்கத்தாரும், தொழிற்சங்கத்தாரும் அதனைத் தேடி எடுத்துக் கூடங்களிலே திரையிட்டனர். மூவரும் தத்தம் கதை என்று உரிமை கொண்டாடினர். மூவருக்கும் உரியதாகவே அது இருந்தது. 1992ஆம் ஆண்டு, பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலிலே அமெரிக்க அரசே அதனைச் சேர்த்தது. அன்று படச்சுருளைக் கழுவ மறுத்த நாடு, பின்னர் அதனைப் பெட்டகத்திலே வைத்துக் காத்தது!

வாசகத் தோழரே! இயக்கங்கள் கைகோக்க வேண்டும் என்று நாம் தீர்மானம் போடும்போதெல்லாம், அந்தத் தீர்மானத்தின் அடியிலே ஒரு பட்டியல் இருக்கும். எந்தக் கோரிக்கை முதலாவது, எது பத்தாவது என்று எண்ணிட்டிருப்பார்கள். பத்தாவது கோரிக்கை யாருடையது என்று பாருங்கள். அதனைப் பத்தாவது இடத்திலே வைத்த கூட்டத்திலே அவருக்கு வாக்கு இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால், சங்கக் கூட்டத்தை ஊர்க் கூட்டமாக மாற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அதுவரை, நம் ஒற்றுமை முழக்கம் எவ்வளவு ஓங்கி ஒலித்தாலும், அதன் நடுவே ஓர் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும். கொல்லைப்புறத்திலே ஒருத்தி விறகு பிளக்கும் ஓசை.